சீரில் சேராத கம்ப்யூட்டர்

ஜூலை 20, ஞாயிறு

இன்றைக்கு ஹாம்பர்க்கிலிருந்து ராட்டர்டாம் வரை லாரி ஓட்டினேன். வழியெல்லாம் மழை. ஒரு பாலத்தின் தடுப்பில் உரசியதைத் தவிர வேறு சேதம் இல்லை. ஃபர்ஹானா பின்னால் கட்டிலில் படுத்து முறுக்குத் தின்றபடி, "பிரேக்க கழட்டி வித்துட்டியாடி?" என்று கேட்டாள்.

ஃபர்ஹானா பனியன் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை. இரண்டு பேரும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் கேட்ட துணி, கேட்ட நிறம், கேட்ட தேதி மூன்றும் ஒன்று சேரும்வரை ஆட்களைப் போனில் துரத்துவது எங்கள் வேலை. ஐந்து வருடமாக அட்டைப்பெட்டிகளின் மேல் ராட்டர்டாம் என்று அச்சடிக்க வைத்திருக்கிறேன். நேரில் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டு லாரியில் போகிறேன். அந்த லாரிக்குள் உட்கார்ந்துவிட்டால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் நான்காம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை சிவநேசன். காங்கேயத்தில் எண்ணெய் மில். அங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்கு வந்து போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ப நீயே ஒரு கம்ப்யூட்டர் செஞ்சுக்க" என்றாள் ஃபர்ஹானா, தேங்காய் பர்பி செய்யச் சொல்வது மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

கடையில் மாட்டி விற்பதை அப்படியே வாங்கக் கூடாதாம், சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாமே மாட்டினால்தான் நமக்கு வேண்டியபடி அமையுமாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபர்ஹானா வகுப்பு எடுத்தாள். கணக்குப் போடுவது பிராசசர். படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. சூடேறாமல் பார்த்துக்கொள்வது கூலர். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது மதர்போர்டு. எல்லாருக்கும் சோறு போடுவது பவர் சப்ளை.

"மத்ததுல சிக்கனம் புடி. பவர் சப்ளைல மட்டும் புடிக்காத. அது போனா கூட நாலு பேர இழுத்துட்டுப் போகும்."

இது புரிந்தது. எங்கள் கம்பெனியில் சாயம் போடும் டையிங் யூனிட்டும் அப்படித்தான்.

இதற்கு அது சேருமா, அதற்கு இது பத்துமா என்று பார்ப்பதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. ஒரு பிராசசர் மலிவாக இருந்தது. அதற்கு ஏற்ற மதர்போர்டு விலையாக இருந்தது. போர்டை மாற்றினால் மெமரி மாறுகிறது. சாயங்காலம் பையருக்கு அனுப்ப வேண்டிய மெயிலில் "காலர்" என்று எழுத வேண்டிய இடத்தில் "கூலர்" என்று எழுதிவிட்டு, நல்லவேளையாக அனுப்புமுன் பார்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். "கண்ணாலத்த வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு அம்மிணி அந்தப் பொட்டி?" என்றார். நியாயமான கேள்வி. மழையில் லாரி ஓட்ட என்று சொல்ல முடியாது.

அப்போது மண்டையில் ஒரு யோசனை பளிச்சென்றது. மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே வாஷிங் மெஷின் இருக்கிறது. சீர்வரிசையில் நாமும் ஒன்று கொடுப்பதாக இருக்கிறோம். அதற்குப் பதில் கம்ப்யூட்டர் கொடுத்தால் என்ன? அப்பாவுக்குக் கண் விரிந்தது. "சீர்ல கம்ப்யூட்டரா? நம்ம சொந்தத்துல யாரும் குடுத்ததில்லையே" என்றார், கொடுத்துவிட்டவர் போல.

வாங்குவது என் சம்பளத்தில். பெயர் மட்டும் சீர். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எனக்கு நானே ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

சிவநேசன் போனில், "சாப்ட்டாச்சுங்களா?" என்றார். ஆயிற்று என்றேன். கம்ப்யூட்டர் விஷயத்தையும் சொன்னேன். "நல்லதுங்க. மில்லுக்கு ஒண்ணு வாங்கோணும்னு அப்பாவும் சொல்லிட்டிருந்தாரு" என்றார். ஆர்வமாகக் கேட்டுக்கொள்கிறார், நல்ல மனிதர்.

ஜூலை 27, ஞாயிறு

கோயமுத்தூர், காந்திபுரம். ஆடித் தள்ளுபடி. பட்டுப் புடவைக்கும் கம்ப்யூட்டர் மெமரிக்கும் ஒரே தெருவில் ஒரே கூட்டம்.

கடைக்காரர் பேசியதெல்லாம் ஃபர்ஹானாவிடம்தான். நான் கல்யாணப்பெண் மாதிரி ஓரமாக நின்றேன், இருப்பதும் அப்படித்தானே. கிராபிக்ஸ் கார்டு எது வேண்டும் என்று கேட்டபோது மட்டும் வாய் திறந்தேன். "மழை நல்லாத் தெரியோணுங்க." கடைக்காரர் வெளியே வானத்தைப் பார்த்தார். கண்ணாடியில் விழும் துளி, ரோட்டில் தேங்கிய தண்ணீரில் எதிர்வண்டியின் விளக்கு, இதெல்லாம் பிசிறாமல் தெரிய வேண்டும் என்று விளக்கினேன். அவர் மேலே இருந்த ஒரு நீளமான பெட்டியை எடுத்தார். மூன்று விசிறி. எடை ஒரு சின்னக் குழந்தை.

கேபினட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் கூடு, நானே தேர்ந்தெடுத்தேன். பால் வெள்ளை, பக்கத்தில் கண்ணாடி. இதைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று கறுப்பில் இருந்தது. கறுப்பு எனக்கு வேண்டாம். ஃபர்ஹானா அந்த நேரம் பார்த்து ஜூஸ் குடிக்கப் போயிருந்தாள்.

ஜூலை 30, புதன்

பெட்டிகளைத் திறக்கக் கூடாது. அம்மா உத்தரவு. "ஆடில வாங்கறது வாங்கலாம், பிரிக்கறது ஆவணில பிரிக்கோணும்." எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தானாம். எல்லாப் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்து சாமி அறையில் அடுக்கியிருக்கிறார். காலையில் விளக்கேற்றும்போது முருகனுக்கும் பவர் சப்ளைக்கும் சேர்த்து கற்பூரம் காட்டுகிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முகூர்த்தப் புடவை பற்றிப் பேச்சு. மாமா, அதாவது சிவநேசனின் அப்பா, தண்ணீர் குடிக்க எழுந்தவர் சாமி அறையில் பெட்டிகளைப் பார்த்துவிட்டார்.

"இதுல பில்லுப் போடற புரோகிராம் ஓடுமா அம்மிணி?"

"ஓடுமுங்க மாமா."

"ஸ்பீடா இருக்குமா?"

"இருக்குமுங்க." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தக் கார்டு இருக்கும் வேகத்துக்குக் காங்கேயம் தாலுகாவுக்கே பில் போடலாம்.

சாவித்திரி அத்தை, சிவநேசனின் அம்மா, புடவையிலிருந்து கண் எடுக்காமல், "மில்லு ஆபீசுல மேசை காலியாத்தான் கெடக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரக்கு நிறப் புடவை முடிவானது. எனக்குக் கிளிப்பச்சைதான் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நல்ல நேரத்தில் பெட்டி பிரிப்பு விழா. நான் குளித்து வருவதற்குள் அம்மா பொறுமை இழந்து ஒரு சின்னப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த பொருளுக்கே நேராகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அது பிராசசர். பளபளவென்று மின்னும் மேல்பக்கத்தின் நட்டநடுவில், ஈரம் காயாத பொட்டு.

ஃபர்ஹானா வந்து பார்த்தாள். நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன்.

"அம்மா, அந்த இடத்துல சூடு தணிக்க ஒரு பேஸ்ட் தடவணும்மா. நீங்க சரியா அந்த இடத்துலயே தடவியிருக்கீங்க."

"சந்தனமும் சூட்டத் தணிக்கறதுதானே?" என்றார் அம்மா.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். நல்லவேளை, கீழ்ப்பக்கம் படவில்லை. போர்டில் உட்கார்த்தினோம், மெமரி மாட்டினோம், எல்லாம் சுபமாகப் போனது. கடைசியில் கிராபிக்ஸ் கார்டை எடுத்துக் கேபினட்டுக்குள் விட்டால், போகவில்லை. இந்த மூலையிலிருந்து, அந்த மூலையிலிருந்து, சாய்த்து, நிமிர்த்தி. ஒரு இன்ச் நீளம்.

மார்பளவு அரை இன்ச் கூடினால் ஒரு லாட் பனியனையே திருப்பி அனுப்புகிறவள் நான். இன்ச் டேப் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். நிறத்தைப் பார்த்து மயங்கி அளவு பார்க்காமல் விட்டிருக்கிறேன். கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு ஆடியிலேயே முடிந்துவிட்டது. பிரித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஆடில பிரிச்சிருந்தா ரெண்டு இன்ச்சு நீண்டிருக்கும்" என்றார்.

ஃபர்ஹானா கேபினட்டின் முன்பக்க விசிறியைக் கழற்றி மேலே மாற்றினாள். கார்டு உள்ளே போய் உட்கார்ந்தது, ஒரு நூல் இடைவெளியில்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஓடியது. சுவிட்சைப் போட்ட முதல் தடவையிலேயே ஓடியது. நான் மாட்டியது!

ஆகஸ்ட் 20, புதன்

மில் ஆபீசில் மேசை காலியாக இருக்கிறது என்று அத்தை சொன்னதை ஒரு வேடிக்கையாக ஃபர்ஹானாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப பொட்டி மில்லுக்குப் போகுது."

"பகல்ல பில்லுப் போடட்டும். நான் ஞாயித்துக்கெழம..."

"மில்லுல உக்காந்து லாரி ஓட்டுவியா? வெளிய நெசமான லாரி நிக்குமே, அதுல ஏறி ஓட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். சும்மா ஒரு பேச்சுக்கு, "உங்க சீர்ல என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டேன். கட்டில், பீரோ, அண்டா, ஒரு தையல் மெஷின் என்றார். தையல் மெஷினை நான் இந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

"அத உங்கப்பா தங்கச்சி கண்ணாலத்துக்குச் சீராக் குடுத்துட்டாங்க."

"உங்களக் கேட்டாங்களா?"

"என்னைய எதுக்குக் கேக்கோணும்? சீர்ல வந்தது வீட்டுது."

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"ரவிக்கை தைப்பேன். தைச்சிட்டிருந்தேன்." பிறகு, வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கச் சொன்னார்.

எனக்கு வெங்காயம் ஒத்துக்கொள்வதில்லை. கண் எரிகிறது. சீக்கிரம் படுக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

என் புத்திசாலித்தனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும். அது சீர் என்று சொன்னது நான்தான். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

அப்பாவிடம், "சீர்ல அது வேண்டாமுங்கப்பா, எடுத்துருங்க" என்றேன். சபையில் ஒரு சாமான் குறைந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று அவருக்குக் கவலை. "பேசுனா அந்த வாஷிங் மெஷினையே வாங்கிக் குடுங்க." அவர்களிடம்தான் இருக்கிறதே என்றார். "இருந்தா என்னங்க, வெள்ளைத் துணி ஒண்ணுல, கலர் துணி ஒண்ணுல." அப்பா, "அவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார். நான்தான் என்றேன். சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணியையெல்லாம் எடுத்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

சிவநேசனிடம் சொல்லி அவர் அம்மாவிடம் சொல்லச் சொல்லலாம் என்று மூன்று தடவை தோன்றியது. அப்படிச் செய்தால் அவர் வாங்கிக் கொடுத்த சலுகை ஆகிவிடும். நேராக சாவித்திரி அத்தைக்கே போன் போட்டேன்.

"அத்தை, அந்தக் கம்ப்யூட்டர் சீர்ல வரலீங்க."

"ஏன் அம்மிணி, ரிப்பேரா?"

"இல்லீங். நல்லாத்தான் ஓடுது. அது என்னுதுங்க அத்தை. நான் விளையாடறதுக்குன்னு என்ற சம்பளத்துல வாங்குனேன். நான்தான் சீருன்னு சொல்லிப்போட்டேன், அது தப்புங்க. நான் இருக்கற ரூம்லதான் வெக்கோணும். மில்லுக்கு வராதுங்க."

அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது.

"விளையாடறதுக்கா?"

"ஆமாங்."

"கண்ணாலம் ஆகியுமா?"

"ஆகியுந்தானுங்க."

"செரி, வெய்யி. அடுப்புல கொழம்பு இருக்குது."

வைத்துவிட்டார். சொன்னதற்கு வருத்தமில்லை. பயமாக இருக்கிறது, அது வேறு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிவநேசன் அழைக்கவில்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரைப் போட்டு லாரியில் ஏறினேன். மழை அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. பத்தாவது நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டேன். இதற்காக ஒரு கல்யாணமே நின்றுவிட்டால், இந்தப் பெட்டியை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? "சாப்ட்டாச்சுங்களா" என்று ஒரு குரல் கேட்காமல் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது போன். கை முழுக்க மாவு.

"அம்மா எதுவும் சொல்லலீங்க" என்றார் சிவநேசன். "அதான் எனக்குப் பயமாயிருச்சு. எங்கம்மா திட்டுனா ஒண்ணுமில்லீங்க, சொல்லாம இருந்தாத்தான். அதான் கூப்பிடல. தப்புத்தானுங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த கொழுக்கட்டையைப் பிடித்தேன்.

"ஒண்ணு கேக்கோணுங்க."

வந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டவ்வை அணைத்தேன்.

"மேசை எத்தன இன்ச்சுல வேணுமுங்க? ஆசாரி வந்து நிக்கறாரு."

டேப் எடுத்து அளந்து சொன்னேன். நீளம், அகலம், உயரம் எல்லாம். காலுக்கு இடம் வேண்டும் என்றும் சொன்னேன். போனை வைத்த பிறகு பார்த்தால் டேப்பெல்லாம் கொழுக்கட்டை மாவு. ஐந்தாறு கொழுக்கட்டை வாய் பிளந்துவிட்டன. எல்லாவற்றையும் நானே தின்றேன்.

செப்டம்பர் 3, புதன்

சீர் டெம்போ கிளம்பிப் போய்விட்டது. கட்டில், பீரோ, பிரிட்ஜ், அவர்களுக்கு இரண்டாவதாக ஒரு வாஷிங் மெஷின். கம்ப்யூட்டர் அதில் ஏறவில்லை. கார்டைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு காரில் போகப்போகிறேன். "நகைப் பொட்டியக்கூட இப்படிப் புடிக்கல" என்றார் அம்மா. பிறகு துணி நழுவுகிறது என்று சொல்லி, அவரே பின் குத்தி இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆயிற்று. பந்தியில் இட்லி பூ மாதிரி இருந்ததாம். எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மேசை அளவு கச்சிதம். இழைத்த மரவாசனை இன்னும் போகவில்லை. நான் மாட்டும்போது சிவநேசன் திருகுகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். இத்தனை நாளில் தெரிந்துகொண்டது, இவர் குறைவாகப் பேசுவது கூச்சத்தால்.

அத்தை மரியாதையாக இருக்கிறார், அதுதான் இடிக்கிறது. "அம்மிணி சாப்பிடு, அம்மிணி தண்ணி சுடுது." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று விசிறிகளின் வண்ண வெளிச்சத்தையும் திரையில் ஓடும் லாரியையும் பார்த்துவிட்டு, "தேருக்குப் போட்ட சீரியல் லைட்டு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டா, என்னவென்று தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மில்லில் இருந்த பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நாளைக்கு வரி கட்டக் கடைசி நாள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா எதிரில்.

"அம்மிணி, ஒரு ரெண்டு நாளைக்கு மட்டும் அத மில்லுல..."

அத்தை கூடத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. முடியாது என்றால் வந்த பதினைந்து நாளில் வாய்க்காரி. சரி என்றால் அந்த ரெண்டு நாள் எப்போது முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"பொட்டி மில்லுக்கு வராதுங்க மாமா. நீங்க பில்லெல்லாம் எடுத்துட்டு மேல வாங்க, நானே போட்டுத் தரேன்."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அவரையைப் பார்த்தார். பிறகு மாமா போய் ஒரு கட்டு பில்லோடு வந்து, என் அறை வாசலில் செருப்பில்லாமல் நின்று, "வரலாமுங்களா?" என்றார். அவர் கட்டிய வீடு. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தேன். மில்லுக்குப் புதிதாக ஒன்றை நானே பார்த்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அளவெல்லாம் சரியாகப் பார்த்து.

செப்டம்பர் 28, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து அத்தையின் தங்கை வந்திருந்தார். நான் மாடியில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே கூடத்தில் பேசுவது படியேறி வந்தது.

"மேல என்னக்கா கலர் கலரா லைட்டு?"

"கம்ப்யூட்டரு."

"சீர்ல வந்துதா?"

"சீருமில்ல ஒண்ணுமில்ல. அது அம்மிணியோடது. அவ சம்பளத்துல வாங்கி, அவளே மாட்டுனா."

"நம்ம பையனுக்குக் காப்பரீச்ச லீவு அக்கா. ஒரு பத்து நாளைக்குக் கொண்டுபோய்ட்டு..."

"அதுக்கு என்னையக் கேட்டா? என்னுதா அது? போயி அவளக் கேளு." அத்தையே தொடர்ந்தார். "கேட்டும் பிரயோசனமில்ல. எங்க மாமனாருகிட்டயே குடுக்கமாட்டேன்னு... ச்சே, அவ மாமனாருகிட்டயே குடுக்கமாட்டேன்னவ. உனக்கா குடுக்கப் போறா?"

அத்தையின் குரலில் கோபம் இல்லை. அந்த ஏழு ஊருக்கும் கேட்கும்படியான குரலில் எனக்குத் தெரிந்தது பெருமை. வாய் தவறி வந்த அந்த மாமனார், அத்தையின் எதை வாங்கி யாருக்குத் தூக்கிக் கொடுத்தாரோ, அதைப் பற்றி அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கப்போவதில்லை, அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். முகம் கழுவிக்கொண்டு கீழே போய் எங்கள் மூன்று பேருக்கும் காபி போட்டேன். தம்ளரை வாங்கிக்கொண்டே, தங்கைக்கு முன்னாலேயே அத்தை என்னிடம் கேட்டார்:

"வண்டிய எந்த ஊர்ல நிறுத்திப்போட்டு வந்தே?"